துணை மின்நிலையத்தில் செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கூஸ் செய்தி: எதை விடலாம், எதை விடக்கூடாது?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பணியாற்றும் வட்டத்தில் 110/22 கி.வோ. துணை மின்நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டறையைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மின்காந்த ரிலேக்களை (பழுதை உணர்ந்து, மின்சுற்றை முறிக்கும் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிகளை) எடுத்துவிட்டு, ஐ.இ.சி. 61850 நெறிமுறையில் பேசும் எண்ணியல் ரிலேக்களைப் பொருத்தப் போகிறோம். வேலையை எடுத்த நிறுவனம் அனுப்பிய வரைபடத்தில், பேனலுக்கும் பேனலுக்கும் இடையே வழக்கமாக ஓடும் கம்பிகளில் பெரும்பகுதியைக் காணவில்லை. பஸ் கப்ளர் இன்டர்லாக் (பஸ்பார்களை இணைக்கும் பிரேக்கரைத் தவறாக இயக்கவிடாத பூட்டு), புதிதாகச் சேர்க்கும் எல்.பி.பி. பாதுகாப்பு (ஒரு பிரேக்கர் திறக்கத் தவறினால் சுற்றியுள்ளவற்றைத் திறப்பது), 22 கி.வோ. பக்கத்துப் பஸ்பார் (லைன்கள் சேரும் பொதுக் கடத்தி) தடுப்புச் சைகை ஆகிய அனைத்துக்கும் எதிரே 'கூஸ்' (ரிலேக்கள் ஈதர்நெட்டில் ஒன்றுக்கொன்று அனுப்பும் விரைவுச் செய்தி) என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் செயற்பொறியாளர், கம்பியும் இருக்கட்டும், கூஸும் இருக்கட்டும் என்கிறார். நிறுவனத்தாரோ இரண்டையும் வைத்தால் செலவுதான் மிஞ்சும் என்கிறார்கள். எனக்கு, நிலையத்தின் தரவைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பும் 104 நெறிமுறையும் மோட்பஸ் நெறிமுறையும் கைவந்தவை. 61850 படித்துத் தெரிந்ததே தவிர, கையால் தொட்டுப் பழகியதில்லை. ட்ரிப் கம்பியை (பிரேக்கரைத் திறக்கும் கட்டளை செல்லும் கம்பியை) நீக்கச் சம்மதிக்கலாமா? எந்த நிபந்தனையோடு சம்மதிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால், வரைபடத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவேன்.

பழைய ரிலேக்காரர்

தம்பி, மீட்டர், ரிலே சோதனைக்கான எம்.ஆர்.டி. பிரிவில் இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ட்ரிப் கம்பியை நீக்கச் சம்மதிக்காதீர்கள்.

கம்பி என்றால் அதைப் பின்தொடர்ந்து போக முடியும். ரிலே பேனலின் டெர்மினல் பிளாக்கில் ஃபெரூல் எண்ணை (கம்பி முனையின் அடையாள எண்ணை) படித்து, கேபிள் டிரெஞ்சுக்குள் இறங்கி, யார்டில் (வெளித்திடலில்) உள்ள மார்ஷலிங் கியாஸ்கில் (கம்பிகள் சேரும் பெட்டியில்) அதே எண்ணைப் பார்த்துவிட்டால், இந்த ரிலே கட்டளை இட்டால் அந்தப் பிரேக்கர் திறக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சோதனை செய்யும்போது டெஸ்ட் டெர்மினல் பிளாக்கின் லிங்கை (சுற்றைத் துண்டிக்கும் இணைப்பை) திறந்துவிட்டால் போதும். ரிலே ஆயிரம் முறை இயங்கினாலும் வெளியே ஒரு பிரேக்கரும் அசையாது. கூஸில் எந்த லிங்கைத் திறப்பீர்கள்? ஒரு ஸ்விட்சின் வழியே பத்துப் பதினைந்து ரிலேக்கள் பேசிக்கொள்ளும்போது, ஒன்றை மட்டும் பிரித்து வைத்துச் சோதிக்கும் வழி என்ன? இதற்கு விடை கிடைக்காமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாலைவனப் பொறியாளர்

ஐயாவின் கேள்வி நியாயமானது. அதற்கு வருவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வளைகுடா நாடொன்றில் பதினோரு ஆண்டுகளாகத் துணை மின்நிலையத் தானியக்கப் பணியில் இருக்கிறேன். காவிரிக்கரை கேட்டிருக்கும் கேள்வியில் இரண்டு வேறு கம்பிகள் கலந்திருக்கின்றன. ரிலேயின் வெளியீட்டுத் தொடர்பிலிருந்து யார்டில் உள்ள பிரேக்கரின் ட்ரிப் காயிலுக்குப் போகும் கம்பி ஒன்று. ஒரு ரிலேயிலிருந்து இன்னொரு ரிலேக்குச் செய்தி சொல்லும் கம்பி மற்றொன்று. உங்கள் வரைபடத்தில் நீக்கப்பட்டிருப்பது இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். யார்டிலேயே எண்ணியல் கருவிகளை வைத்தாலொழிய முதல் வகையை யாரும் நீக்குவதில்லை. எனவே வரைபடத்தில் முதலில் அதைச் சரிபாருங்கள்.

இனி கூஸ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். 61850 தரத்தின் முதல் பதிப்பு 2000-களின் முதற்பாதியில் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் இ.பி.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் முன்னெடுத்த யு.சி.ஏ. திட்டத்தின் அனுபவமும் இதில் கலந்திருக்கிறது. 'பிரேக்கர் திறக்கவில்லை' என்று ஒரு ரிலே உணர்ந்த கணத்தில், அந்தச் செய்தியை ஈதர்நெட்டில் நேராக விட்டுவிடுகிறது. ஐ.பி. முகவரி கிடையாது, வந்து சேர்ந்ததா என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் கிடையாது. காத்திருப்பதற்குப் பதிலாக அதே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: முதலில் ஒரு சில மில்லி விநாடி இடைவெளியில், பிறகு இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், இறுதியில் விநாடிக்கு ஒரு முறை என்பது போன்ற நிலையான தாளத்துக்கு வந்துவிடுகிறது. ட்ரிப் வகைச் செய்தி ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குப் போய்ச் சேர 3 மில்லி விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது தரத்தின் எதிர்பார்ப்பு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி என்பதை நினைவில் வைத்தால் இது எவ்வளவு குறைவு என்பது புரியும். செம்புக் கம்பியில் துணை ரிலேயின் தொடர்பு மூடுவதற்கும், மறுமுனையின் உள்ளீடு அதிர்வை வடிகட்டி ஏற்பதற்கும் சேர்த்தால் இதைவிட அதிக நேரம் ஆவது வழக்கம்.

ஆனால் நான் கூஸை விரும்புவது வேகத்துக்காக அன்று. ஒவ்வொரு செய்தியிலும் இரண்டு எண்கள் இருக்கும். நிலை மாறும்போது நிலை எண் ஒன்று கூடும். அதே நிலையைத் திரும்பச் சொல்லும்போதெல்லாம் வரிசை எண் ஒன்று கூடும். கூடவே, 'அடுத்த செய்தி இவ்வளவு நேரத்துக்குள் வரும்' என்ற வாக்கும் அதே செய்தியில் எழுதியிருக்கும். அந்த நேரத்துக்குள் எதுவும் வராவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் ரிலே உடனே தொடர்பு அறுந்தது என்று அலாரம் கொடுக்கும். செம்புக் கம்பி அறுந்தால் அது யாரிடம் சொல்லும்?

பழைய ரிலேக்காரர்

பாலைவனத்தாரின் கடைசி வரியைப் படித்துவிட்டு நேற்று இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். அதை எழுதாமல் இருப்பது சரியன்று.

இடத்தின் பெயர் வேண்டாம். 230 கி.வோ. நிலையம், பஸ்ஸில் நான்கு ஃபீடர்கள் இருந்தன. ஒரு லைனில் பழுது ஏற்பட்டபோது அதன் பிரேக்கரில் மின்பொறியை அணைக்கும் எஸ்.எஃப்.6 வாயுவின் அழுத்தம் குறைந்து பூட்டிக்கொண்டிருந்ததால் அது திறக்கவில்லை. எல்.பி.பி. சரியான நேரத்தில் இயங்கியது; மற்ற மூன்று பிரேக்கர்களில் இரண்டு திறந்தன. மூன்றாவது திறக்கவில்லை. அந்த ஃபீடர் பழுதுக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருந்தது. மறுமுனை நிலையத்தின் தூர ரிலே (பழுதின் தொலைவைக் கணித்து இயங்குவது) மூன்றாம் மண்டல நேரம், அதாவது தொலைவில் உள்ள பழுதுக்கு வைத்த தாமதம், முடிந்து திறக்கும் வரை அனைத்துக் கருவிகளும் அந்தப் பழுது மின்னோட்டத்தைத் தாங்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை நானும் இன்னொருவரும் எல்.பி.பி. பேனலிலிருந்து அந்த ஃபீடர் பேனலுக்குப் போகும் கம்பியைப் பார்த்தோம். ஃபெரூல் சரியாக இருந்தது. திருகும் இறுக்கமாகவே இருந்தது. கம்பியைப் பிடித்து இழுத்தபோதும் வரவில்லை. திருகைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: செம்பைப் பிடிக்க வேண்டிய திருகு, சாம்பல் நிற பி.வி.சி. உறையைப் பிடித்துக்கொண்டிருந்தது. உறையில் திருகின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அதற்கடியில் செம்பு புதிது போலப் பளபளத்தது. ட்ரிப் சுற்றைக் கண்காணிக்கும் ரிலே காயிலைத்தான் கண்காணிக்கும். இந்தக் கம்பியைக் கண்காணிக்க ஒன்றும் கிடையாது. கடைசியாக முழுச் சோதனை நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சோதனைக்குப் பிறகு லிங்கை மாற்றும்போது கம்பியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பாதுகாப்பு காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது.

விரலால் தொட்டுப் பின்தொடரலாம் என்று நான் எழுதினேன். அன்று விரலால் தொட்டும் எனக்குத் தெரியவில்லை. கூஸில் இது நேர்ந்திருந்தால் கம்பி மாட்டிய அன்றே அலாரம் வந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லிங்கைத் திறப்பது எப்படி என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பாலைவனப் பொறியாளர்

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. லிங்க் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தரத்தின் முதல் பதிப்பில் இதற்கான வழி முழுமையாக இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் செய்தது. இரண்டாம் பதிப்பில் இது வரையறுக்கப்பட்டது. ஒரு ரிலேயைச் சோதனை நிலைக்கு மாற்றினால், அது அனுப்பும் ஒவ்வொரு தரவோடும் 'இது சோதனை' என்ற குறி சேர்ந்தே போகும். இயல்பு நிலையில் உள்ள மற்ற ரிலேக்கள் அந்தக் குறியைக் கண்டால் தரவை இயக்கத்துக்கு எடுத்துக்கொள்ளாது. சோதனைக் கருவியிலிருந்து வரும் போலிச் செய்திகளை ஏற்பதற்கும் தனிக் குறி உண்டு.

ஆயினும் காவிரிக்கரைக்கு என் அறிவுரை, இதை மட்டும் நம்பாதீர்கள். எல்.பி.பி. போன்ற ஒவ்வொரு ட்ரிப் சைகைக்கும் பேனலின் முகப்பில் ஒரு சுழல் ஸ்விட்ச் வைக்கச் சொல்லுங்கள். அது ரிலேயின் உள்ளீட்டுக்குப் போய், அந்தக் கூஸ் சைகையை மென்பொருளுக்குள் துண்டிக்க வேண்டும். லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்திய அனுமதி) எடுத்து வேலை செய்யும் ஊழியருக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும். மேலும், எல்லா ரிலேக்களும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையா என்று எழுத்தில் கேளுங்கள். முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் கலந்த நிலையத்தில் சோதனைக் குறியை ஒரு ரிலே புரிந்துகொள்ளும், பக்கத்து ரிலே புரிந்துகொள்ளாது. அதைவிட ஆபத்தான கலவை வேறில்லை.

கூஸ் அலாரம் கொடுக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு நிலையத்தில் பழுதான ஈதர்நெட் ஸ்விட்சை மாற்றிப் புதிது வைத்தார்கள். பழைய ஸ்விட்சின் வி.லான் அமைப்பை (எந்தச் செய்தி எந்தப் பக்கம் போகலாம் என்ற பிரிவினையை) புதியதில் ஏற்றவில்லை. இரண்டு பேனல்களின் கூஸ் செய்திகள் அந்த ஸ்விட்சைத் தாண்டவில்லை. நான்கு விநாடிக்குள் அலாரம் வந்துவிட்டது. ஆனால் அதே திரையில் அன்று முந்நூறுக்கு மேற்பட்ட அலாரங்கள், கதவு திறந்திருப்பது முதல் பேட்டரி அறை விசிறி வரை, வரிசையில் நின்றன. அடுத்த ஷிப்டில் வந்தவர் பட்டியலைக் கீழே வரை உருட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எனவே கூஸ் தொடர்பு அறுந்த அலாரத்தை முதல் வரிசையில், தனி நிறத்தில், ஒலியோடு வைக்கச் சொல்லுங்கள்.

பொருநை

நான் மாநிலச் சுமை அனுப்பு மையத்துக்குத் தரவு கொண்டுசெல்லும் பிரிவில் இருக்கிறேன். நிலையத்தின் வேலிக்குள் நடக்கும் உரையாடலைப் பற்றிப் பேசினீர்கள். வேலிக்கு வெளியே போகும் உரையாடலைப் பற்றி நானும் சொல்ல வேண்டும், ஏனெனில் காவிரிக்கரையின் வரைபடத்தில் இரண்டும் ஒரு பெட்டியில் சந்திக்கின்றன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆர்.டி.யூ.-க்கள் (நிலையத்தின் தரவைத் திரட்டி அனுப்பும் பெட்டிகள்) 101 நெறிமுறையில், மின்கம்பியின் மீதே செல்லும் பி.எல்.சி.சி. அலைவரிசை வழியாக, விநாடிக்கு 600 அல்லது 1200 பிட் வேகத்தில் பேசின. மையம் ஒவ்வொரு நிலையமாகக் கேட்கும். நிலையம் பதில் சொல்லும். மழைக்காலத்தில் லைனில் இரைச்சல் மிகுந்தால் பாதிப் பதில்கள் பிழையாகி, மறுபடி கேட்க வேண்டியிருக்கும். பிறகு மின்கோபுரத்தின் உச்சியில் ஓடும் தரைக்கம்பிக்குள்ளேயே கண்ணாடி இழை வந்தது. 101-இன் செய்திகளை அப்படியே டி.சி.பி.-யில் ஏற்றிய 104 வந்தது. 2404 என்ற துறையில் (போர்ட்) இணைப்பு திறந்தே இருக்கும். நிலை மாறினால் கேட்காமலே நிலையம் சொல்லிவிடும். ஒவ்வொரு மாற்றமும் அது நிகழ்ந்த மில்லி விநாடியைச் சுமந்துகொண்டே வரும். ஒரு பெரிய இடையூறுக்குப் பிறகு எந்தப் பிரேக்கர் முதலில் திறந்தது என்று நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும்போதுதான் அந்த நேர முத்திரையின் அருமை தெரியும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாள்களும் வட இந்தியா இருளில் மூழ்கியபோது அந்த ஆய்வுக்கு நேரப் பதிவுகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பது நாடறிந்தது.

ஆனால் 104-க்குப் பெயர் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். 'முகவரி 1017 மூடியிருக்கிறது' என்று அது சொல்லும். 1017 எந்தப் பிரேக்கர் என்பது ஒரு எக்செல் தாளில் இருக்கும். அந்தத் தாள் நிலையத்தில் ஒன்று, மையத்தில் ஒன்று. ஒருமுறை இரண்டு ஃபீடர்களின் வரிசைகள் தாளில் இடம் மாறியிருந்தன. திரையில் நாங்கள் பார்த்த லைன் ஒன்று, நிலையத்தில் நின்ற லைன் இன்னொன்று. பராமரிப்புக்காக ஒரு லைனில் சுமையைக் குறைத்தபோது பக்கத்து லைனின் மெகாவாட் குறைவதைக் கண்ட ஷிப்டுப் பொறியாளர் தொலைபேசியில் கேட்டதால் தப்பித்தோம்.

61850-இல் பெயர் இருக்கிறது. பிரேக்கருக்கு எக்ஸ்.சி.பி.ஆர்., தூரப் பாதுகாப்புக்குப் பி.டி.ஐ.எஸ்., அளவீட்டுக்கு எம்.எம்.எக்ஸ்.யூ. என்று தரமே பெயர் சூட்டியிருக்கிறது; எந்த நிறுவனத்தின் ரிலேயாக இருந்தாலும் பிரேக்கரின் நிலை அதே பெயரின் கீழ்தான் இருக்கும். நிலையம் முழுவதும் எஸ்.சி.டி. என்ற ஒரே கோப்பில் எழுதப்படுகிறது. என்னைக் கேட்டால் கூஸைவிட இந்தப் பெயரிடும் முறைதான் பெரிய முன்னேற்றம்.

காவிரிக்கரை, நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: நிலையத்தின் கேட்வே பெட்டி உள்ளே இருக்கும் பெயர்களை மீண்டும் எண்களாக மாற்றித்தான் 104-இல் எங்களுக்கு அனுப்புகிறது. பழைய எக்செல் தாள் அங்கே மறுபடி பிறக்கிறது. வரைபடத்தில் கையெழுத்திடுவதோடு நிறுத்தாமல், அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் பிரேக்கரை இயக்கியே சரிபார்க்கச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட எஸ்.சி.டி. கோப்பின் நகல் உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். வேலையை எடுத்தவரின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஃபீடர் சேர்க்க நினைத்தாலும் அவரிடமே போய் நிற்க வேண்டிவரும்.

காவல்கோபுரம்

இதுவரை ஒருவரும் பேசாத ஒன்றை எழுப்புகிறேன். கூஸ் செய்தியைக் கேட்கும் ரிலே, சொன்னது யார் என்று சோதிப்பதில்லை. அதே ஈதர்நெட்டில் இணைந்த எந்தக் கணினியும், தற்போதைய நிலை எண்ணைவிடப் பெரிய எண்ணைப் போட்டு 'ட்ரிப்' என்று ஒரு செய்தி விட்டால், பாதுகாப்புச் சேர்க்கப்படாத ரிலே அதை நம்பிவிடக்கூடும். உண்மையான ரிலே அதன்பின் அனுப்பும் செய்திகளைப் பழையவை என்று ஒதுக்கவும் கூடும். 104 நெறிமுறையும் அப்படியே: இணைப்பு கிடைத்தவர் கட்டளை இடலாம்.

இது கற்பனை அன்று. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு மையங்களுக்குள் புகுந்தவர்கள், நிலையங்களை இயக்குபவர்களின் திரையிலேயே பிரேக்கர்களைத் திறந்தார்கள். ஏறத்தாழ 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் நின்றது. அடுத்த ஆண்டு டிசம்பர் 17 அன்று கீவ் நகருக்கு அருகில் உள்ள ஒரு மின்கடத்தல் நிலையம் தாக்கப்பட்டது. அதில் பயன்படுத்தப்பட்ட, 'இன்டஸ்ட்ராயர்' என்று பெயரிடப்பட்ட நிரலில் 101, 104, 61850 ஆகிய நெறிமுறைகளைப் பேசும் பகுதிகள் தனித்தனியே இருந்தன. அந்தப் பகுதிகள் இந்த நெறிமுறைகளின் ஓட்டை எதையும் உடைக்கத் தேவை இருக்கவில்லை. அவை பேசும் மொழியையே பேசின. 2022 ஏப்ரலில் அதன் அடுத்த வடிவம் 104-ஐ மட்டும் கொண்டு மீண்டும் வந்தது.

பொருநை அவர்கள் சொன்ன பழைய முறையிலிருந்து ஒரு பொருள் இன்னும் பல நிலையங்களில் இருக்கிறது: தொடர்வரிசை இணைப்பை ஈதர்நெட்டாக மாற்றும் சிறு பெட்டி. 2015 தாக்குதலில் அந்தப் பெட்டிகளின் உள்நிரலை அழித்து எழுதிவிட்டார்கள். அதனால் மையத்திலிருந்து பிரேக்கரை மூட வழியில்லாமல் போனது. ஊழியர்கள் வண்டியெடுத்து நிலையம் நிலையமாகப் போய்க் கையால் மூடினார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியதற்கு அந்தக் கைப்பழக்கமே காரணம்.

பாலைவனப் பொறியாளர்

காவல்கோபுரம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கூஸ் ஐ.பி. முகவரி இல்லாத செய்தி. அது ரவுட்டரைத் தாண்டாது. வேலிக்கு வெளியிலிருந்து ஒருவர் அதை அனுப்ப முடியாது. நிலையத்தின் வலையமைப்பை இணையத்திலிருந்து பிரித்துவைத்தால் போதாதா? ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் சேர்த்தால் 3 மில்லி விநாடி என்ற எல்லையை எப்படிக் காப்பது?

காவல்கோபுரம்

பிரித்துவைத்த வலையமைப்புக்குள் யார் வருகிறார் என்று பாருங்கள். ரிலேயின் அமைப்பை மாற்ற வரும் பணியாளர், நேற்று வேறொரு மாநிலத்தில் வேறொரு நிலையத்தில் செருகிய அதே மடிக்கணினியை இன்று இங்கே செருகுகிறார். நேற்று மாலை அவர் அதே கணினியில் விடுதியின் வைஃபையைப் பயன்படுத்தியிருப்பார். வேலி அந்தக் கணினிக்குத் தடையன்று. மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கென வெளியிட்ட இணையப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் வந்த பிறகும், அந்த மடிக்கணினியை வாசலில் சோதிக்கும் நிலையங்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே என் பணியில் கண்டிருக்கிறேன்.

கையொப்ப நேரம் பற்றிய உங்கள் கேள்வி சரியானது. தரத்தை எழுதியவர்களே அதில் ஒருமுறை தடுமாறினார்கள். இந்த நெறிமுறைகளின் பாதுகாப்புக்கான 62351 தரத்தின் ஆறாம் பகுதி 2007-இல் வந்தபோது ஆர்.எஸ்.ஏ. என்ற எண்ணியல் கையொப்பத்தைக் கேட்டது. ரிலேயின் சிறிய செயலிக்கு அந்தக் கணக்கை உரிய நேரத்தில் முடிக்க இயலாது. ஆகவே எவரும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2020 பதிப்பில் அதை விட்டுவிட்டு, இரு தரப்புக்கும் பொதுவான சாவியைக் கொண்டு குறுகிய சரிபார்ப்புக் குறி சேர்க்கும் முறைக்கு மாறினார்கள். அது வேகமானது. ஆனால் சாவியை எல்லா ரிலேக்களுக்கும் பகிர்ந்து, காலமுறையில் மாற்ற ஒரு சாவி வழங்கி நிலையத்தில் இருக்க வேண்டும். அதைப் பராமரிக்க ஒருவர் இருக்க வேண்டும். ஒரு 110 கி.வோ. நிலையத்தில் இன்று அது நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்விட்சில் பயன்படாத ஒவ்வொரு துறையையும் (போர்ட்) மூடிவைப்பது, ஒவ்வொரு துறையிலும் எந்தக் கருவி பேசலாம் என்று கட்டுவது, பராமரிப்புக்கு நிலையத்திலேயே ஒரு மடிக்கணினியை வைத்து வெளியாரின் கணினியைத் தடுப்பது ஆகிய மூன்றும் இன்றே முடியும். 62351-ஐப் பின்னாளில் ஏற்கும் திறன் ரிலேயில் உண்டா என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்கலாம்.

நெல்லைக் கண்ணன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பஞ்சாபின் மலேர்கோட்லாவில் பவர்கிரிட் நிறுவனம் 2020-இல் யார்டிலிருந்தே எண்ணியல் முறையில் அளவீடுகள் வரும் நிலையத்தை இயக்கியதாகப் படித்தேன். இந்த 110 கி.வோ. நிலையத்திலும் அதையே செய்துவிட்டால் எல்லாக் கம்பிகளும் ஒரேயடியாகப் போய்விடாதா?

பாலைவனப் பொறியாளர்

செய்யலாம், ஆனால் முதல் முறையாக 61850-ஐத் தொடும் ஒரு வட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே சி.டி.-யின் (மின்னோட்டத்தை அளவிடும் மாற்றியின்) மின்னோட்டம் யார்டிலேயே எண்ணாக மாறி, சுற்றுக்கு 80 மாதிரி, அதாவது விநாடிக்கு 4,000 மாதிரி என்ற கணக்கில் கண்ணாடி இழையில் வரும். சி.டி. சுற்று திறந்துபோய் உயர் மின்னழுத்தம் தாக்கும் ஆபத்து கட்டுப்பாட்டறையிலிருந்து நீங்கிவிடும் என்பது உண்மையான நன்மை. ஆனால் எல்லாக் கருவிகளின் கடிகாரங்களும் ஒரு மைக்ரோ விநாடி அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். கடிகாரம் பிசகினால் இரண்டு பக்க மின்னோட்டங்களின் கோணம் பிசகும்; வேறுபாட்டு ரிலே பழுதில்லாத மின்மாற்றியைப் பழுதென்று கருதும் நிலை வரும். ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கேபிளை எலி கடித்தாலும் பாதுகாப்பு எப்படி நடந்துகொள்ளும் என்று யோசித்து வடிவமைக்கத் தெரிந்த குழு முதலில் உருவாக வேண்டும்.

காவிரிக்கரை

மூன்று வாரங்களாக ஒன்றும் எழுதாததற்குப் பொறுத்தருளுங்கள். தொழிற்சாலைச் சோதனைக்குப் போய் வந்தேன். அதை முடித்துக்கொண்டு எழுதலாம் என்று இருந்தேன்.

வரைபடத்தைச் சரிபார்த்ததில் பாலைவனத்தார் சொன்னது சரியே: ட்ரிப் காயிலுக்குப் போகும் கம்பிகள் அப்படியே இருக்கின்றன. மின்மாற்றியின் புக்கோல்ஸ் (எண்ணெயில் வாயு சேர்வதை உணரும் கருவி) ட்ரிப்பும் நேரடிக் கம்பியில்தான் போகிறது. எல்.பி.பி., இன்டர்லாக், தடுப்புச் சைகை ஆகியவற்றைக் கூஸிலேயே விட ஒப்புக்கொண்டோம். செயற்பொறியாளரிடம் பழைய ரிலேக்காரர் ஐயாவின் பதிவை அச்சிட்டுக் கொடுத்தேன். பக்கத்திலேயே ஒரு செம்புக் கம்பியையும் போட்டால், அதையும் யாரும் கண்காணிக்கப் போவதில்லை, இருக்கிறது என்ற எண்ணம் மட்டுமே இருக்கும் என்று அவரே சொல்லி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். ஒவ்வொரு கூஸ் ட்ரிப்புக்கும் முகப்பில் துண்டிப்பு ஸ்விட்ச் வைக்க நிறுவனம் சம்மதித்தது. எல்லா ரிலேக்களும் இரண்டாம் பதிப்பு என்பதற்கு எழுத்து வாங்கினோம்.

சோதனையில் எல்.பி.பி. ரிலேயின் பின்புறம் சென்று நானே இழைச் செருகியைப் பிடுங்கினேன். இரண்டு இணைப்புகளில் ஒன்றைப் பிடுங்கியபோது எச்சரிக்கை மட்டும் வந்தது. செய்தி இன்னொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதையும் பிடுங்கியதும் ஃபீடர் ரிலேயின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளூர்த் திரையில் அலாரம் வந்தது. அப்போதுதான் பொருநை அவர்களின் பதிவு நினைவுக்கு வந்து, மையத்துக்குப் போகும் 104 பட்டியலைத் திறக்கச் சொன்னேன். முந்நூற்று நாற்பது வரிகளில் கூஸ் தொடர்பு அறுந்ததைச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. இரவில் ஒருவரே காவல் இருக்கும் நிலையத்தில் அந்த அலாரம் உள்ளூர்த் திரையோடு நின்றிருக்கும். ஃபீடருக்கு ஒன்றாகப் பதினான்கு வரிகள் சேர்க்கச் சொல்லி, சேர்த்த பிறகு மீண்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம்.

பொருநை

பதினான்கு முகவரிகளையும் எனக்கு அனுப்பிவையுங்கள். எங்கள் பக்கத்துத் திரையிலும் அவற்றை முதல் வரிசை அலாரமாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அனுப்புவது எங்கள் கோப்பில் பெயரில்லாத எண்ணாகக் கிடக்கும். நிலையத்தைச் சார்ஜ் செய்யும் (மின்சாரம் ஏற்றும்) நாளன்று நான் மையத்தில் இருப்பேன். நீங்கள் அங்கே பிடுங்குங்கள்; இங்கே எந்தப் பெயர் எரிகிறது என்று தொலைபேசியில் படித்துச் சொல்கிறேன்.

பழைய ரிலேக்காரர்

தம்பி, அந்த நாளை எனக்கும் தெரிவியுங்கள். அனுமதி கிடைத்தால் வந்து பார்க்க விரும்புகிறேன். முகப்பில் வைத்திருக்கும் துண்டிப்பு ஸ்விட்சுகளின் நிலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனை முடித்தவர் அதைத் திருப்பி வைக்க மறந்து வீட்டுக்குப் போனால், என் பி.வி.சி. உறைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

காவிரிக்கரை

ஐயா, அது பட்டியலில் இல்லை. இன்று மாலையே நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன்.